நரம்பு நொறுங்கினால் ரத்தம் சொல்லும்

ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார் டாக்டர். முழங்கால்கள் இரண்டையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து, தாடையை மார்பில் புதைத்து, கருவில் கிடக்கும் குழந்தையைப் போலச் சுருண்டுகொள்ள வேண்டும். இடுப்பெலும்பின் மட்டத்தில் முதுகைத் தடவிப் பார்த்து, இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் குறிக்கிறார்கள். மருந்தில் நனைத்த பஞ்சு சில்லென்று படுகிறது. “அசையாதீங்கம்மா, ஆச்சு ஆச்சு” என்று நர்ஸ் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். ஊசி வழியாகத் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உறவினர்களின் முகத்தில் கலக்கம்: “முதுகுல ஊசி குத்தினா கால் விளங்காமப் போயிடுமாமே?”

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கால் விளங்காமல் போகாது. சிலருக்கு இரண்டு மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், அவ்வளவுதான். ஆனாலும் இதை மாதாமாதம் செய்ய எந்த நோயாளி சம்மதிப்பார்? மூளையிலும் தண்டுவடத்திலும் என்ன சேதம் நடக்கிறது என்று அறிய, அந்த நீரைவிட்டால் வேறு வழியில்லை என்றுதான் நெடுங்காலம் இருந்தது. ஸ்கேன் படம் காட்டும், ஆனால் சேதம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆன பிறகுதான் காட்டும்.

இன்று அதே சேதிக்கு, சர்க்கரை பார்க்க எடுப்பது போல முழங்கை மடிப்பில் ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. மாரடைப்பா என்று அறிய ட்ரோபோனின் பரிசோதனை இருப்பதுபோல, நரம்புச் சேதத்துக்கும் ரத்தத்தில் ஓர் அளவுகோல்.

வாழைத்தண்டுக்குள் நார்

வாழைத்தண்டை நறுக்கியவர்களுக்குத் தெரியும். கத்தி பட்டதும் நார் நாராக இழுபடும். நம் நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையும் உள்ளே அப்படித்தான் இருக்கிறது. கீழ்முதுகிலிருந்து கால் கட்டைவிரல்வரை போகும் ஓர் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு மெல்லிய இழை அவ்வளவு தூரம் உருக்குலையாமல் போவதற்கு உள்ளே புரத நார்கள் முட்டுக்கொடுக்கின்றன. அவற்றின் பெயர் நியூரோஃபிலமென்ட். அதில் எடை குறைந்த வகை ‘நியூரோஃபிலமென்ட் லைட்’, சுருக்கமாக என்.எஃப்.எல்.

நரம்பிழை நொறுங்கினால் இந்த நார்த் துணுக்குகள் வெளியே சிந்தும். முதலில் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில், பிறகு ரத்தத்தில். 1996-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள், ஏ.எல்.எஸ். போன்ற நரம்பழிவு நோயாளிகளின் தண்டுவட நீரில் இந்தப் புரதம் ஏறியிருப்பதைக் காட்டினார்கள். ரத்தத்தில்தான் சிக்கல். அங்கே அதன் அளவு, தண்டுவட நீரில் இருப்பதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. ஆரோக்கியமான இளைஞரின் ஒரு மில்லி ரத்தத் திரவத்தில் பத்து பிகோகிராமுக்கும் குறைவு. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. பழைய கருவிகளுக்கு அது எட்டவில்லை.

2010-ல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் வால்ட்டின் குழு ஒரு வழியை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குழிகள் கொண்ட ஒரு தகடு. ஒரு குழிக்கு, புரதத்தைப் பிடிக்கும் நுண்மணி ஒன்று. புரதத்தைப் பிடித்த மணி உள்ள குழி ஒளிரும். மொத்த ஒளியை அளப்பதை விட்டுவிட்டு, எத்தனை குழிகள் ஒளிர்ந்தன என்று ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் உத்தி. ‘சிமோவா’ என்ற இந்த முறை வந்த பிறகே ரத்தத்தில் என்.எஃப்.எல்.லைத் துல்லியமாக அளப்பது சாத்தியமாயிற்று.

9–0

இந்த அளவுகோலின் வலிமையும் அதைச் சுற்றிய வாதமும் ஒரே நாளில் வெளிப்பட்டது 2023 மார்ச் 22-ல்.

ஏ.எல்.எஸ். என்ற நோயை ஸ்டீபன் ஹாக்கிங் மூலம் நமக்குத் தெரியும். நம் டாக்டர்கள் மோட்டார் நியூரான் நோய் என்பார்கள். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் தொடங்கி, பேச்சு குழறி, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். ஹாக்கிங் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது மிக அபூர்வம். பெரும்பாலோருக்கு நோய் தெரிந்தபின் கிடைப்பது சில ஆண்டுகளே. இதில் ஏறத்தாழ 2 சதவிகிதம் பேருக்கு சாட்–1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம். அந்த மரபணுவின் தவறான கட்டளையை இடைமறிக்கும் மருந்துதான் டோஃபர்சன்.

108 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. 72 பேருக்கு மருந்து, 36 பேருக்கு மருந்தில்லாத ஊசி. 28 வாரம் கழித்து, நடை, பேச்சு, விழுங்குதல், மூச்சு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். இரு குழுக்களுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சோதனை தன் முதன்மை இலக்கில் தோற்றது. வழக்கமாக ஒரு மருந்தின் கதை அங்கே முடிந்துவிடும்.

ஆனால் ரத்தம் வேறொன்றைச் சொன்னது. மருந்து பெற்றவர்களுக்கு என்.எஃப்.எல். 55 சதவிகிதம் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு 12 சதவிகிதம் ஏறியிருந்தது. உள்ளே நரம்பு நொறுங்கும் வேகம் குறைந்துவிட்டது, அதன் பலன் கைகாலில் தெரிய இன்னும் நாளாகும் என்பதற்கான அடையாளமா இது? சோதனை முடிந்து எல்லோருக்குமே மருந்து கொடுக்கப்பட்டபின், முதலிலேயே தொடங்கியவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட மெதுவாகச் சரிந்ததும் தெரியவந்தது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவில் ஒன்பது பேர் வாக்களித்தார்கள். என்.எஃப்.எல். இறங்கியது நோயாளிக்குப் பலன் கிடைக்கும் என்பதற்கு நியாயமான முன்னறிகுறியா? ஒன்பது பேரும் ஆம் என்றார்கள். மருந்து நோயாளியின் உடல்நிலையில் பலன் தந்துவிட்டது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இருக்கிறதா? மூவர் ஆம், ஐவர் இல்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை.

இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ரத்த அளவை நம்பினார்கள். ஆனால் அந்த எண்ணையே பலன் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 25-ல் டோஃபர்சனுக்குத் துரித ஒப்புதல் கிடைத்தது. பலனை நிரூபிக்கும் பொறுப்பு தொடர்ந்து நடக்கும் ஆய்வுகளின் தலையில் இருக்கிறது. அவற்றில் ஒன்று, சாட்–1 மாற்றம் இருந்தும் நோய் இன்னும் தொடங்காதவர்களைத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துக் கண்காணித்து, என்.எஃப்.எல். ஏறத் தொடங்கியதும் மருந்தைத் தொடங்கிப் பார்க்கிறது. கை தளர்வதற்கு முன்பே சிகிச்சை. இப்படி ஓர் ஆய்வைத் தண்டுவட நீரை வைத்து நடத்தியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். டோஃபர்சன் இன்னும் முதுகில் ஊசி குத்தித்தான் ஏற்றப்படுகிறது. அது வேலை செய்கிறதா என்று சொல்வது கையிலிருந்து எடுத்த ரத்தம்.

■ எண்ணைப் படிக்கும் முன்

● வயது: ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவிகிதம் என்.எஃப்.எல். தானாகவே கூடும், 60-க்கு மேல் வேகம் இன்னும் அதிகம். 70 வயதுக்காரருக்கு இயல்பான எண், 25 வயதுக்காரரிடம் இருந்தால் கவலைக்குரியது.

● சிறுநீரகம்: பழுதுபட்டிருந்தால் நரம்பு நன்றாக இருந்தும் எண் கூடலாம்.

● உடல் எடை: பருமனானவர்களுக்கு ரத்த அளவு அதிகம் என்பதால் எண் குறைவாகக் காட்டும்.

● ஒப்பீடு: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் குழு 5,390 ஆரோக்கியமானவர்களின் அளவுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்டது. உங்கள் வயதுக்கும் எடைக்கும் ஒத்தவர்கள் நூறு பேரில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதை வைத்துப் பார்க்கலாம்.

● கருவி: ஒரு கருவி தரும் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

ராணுவ ஃப்ரீசரில் கிடைத்த சாட்சி

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்கும். இளம் வயதில் ஒரு கண் திடீரென்று மங்கும், கால் தடுமாறும், சில வாரங்களில் சரியாகும், மறுபடி வரும். நம் ஊரில் மேற்கு நாடுகளைவிடக் குறைவு என்றாலும், வந்த குடும்பங்களுக்குத் தெரியும் அதன் அலைக்கழிப்பு.

அமெரிக்க ராணுவம் தன் வீரர்களிடம் பல ஆண்டுகளாக எடுத்த ரத்த மாதிரிகளை உறைய வைத்துப் பாதுகாத்து வருகிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதைத் தோண்டினார்கள். பிற்காலத்தில் இந்த நோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், முதல் அறிகுறிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே என்.எஃப்.எல். ஏறியிருந்தது! அந்த இளைஞர்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்தார்கள், பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நரம்பு நொறுங்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து 2022-ல் வந்த ஆய்வு இன்னும் பெரியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்களில் 955 பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. எப்ஸ்டீன்–பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. இதைக் கேட்டதும் எவரும் கேட்கும் கேள்வி: நோய் உள்ளே தொடங்கியதால் வைரஸ் தொற்றியதா, வைரஸ் தொற்றியதால் நோய் தொடங்கியதா? பதில் சொன்னது என்.எஃப்.எல். தொற்றுக்கு முன் எடுத்த ரத்தத்தில் அது ஏறவில்லை. தொற்றுக்குப் பின்புதான் ஏறியது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த இடம்தான். வியாதியின் தேதியைச் சொல்லும் சாட்சியாக ஒரு புரதத் துணுக்கு!

இன்று ஐரோப்பாவின் சில மருத்துவமனைகளில் இந்த நோயாளிகளுக்கு ஸ்கேனோடு சேர்த்து என்.எஃப்.எல்.லும் பார்க்கிறார்கள். எடுக்கும் மருந்து போதவில்லை, உள்ளே நெருப்பு அணையவில்லை என்பதை அடுத்த பாதிப்பு வரும் முன்பே அறிய அது உதவுகிறது. அமெரிக்காவில் லேப்கார்ப் நிறுவனம் 2022-லிருந்து, டாக்டரின் சீட்டோடு வருபவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து தருகிறது.

“வாந்தி எடுத்தாரா? மயக்கம் வந்துச்சா?”

விபத்து வார்டில் முதலில் விழும் கேள்விகள் இவை. பைக்கிலிருந்து விழுந்தவர் பேசுகிறார், நடக்கிறார். ஆனால் மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா? சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்று கருவி இருக்கும் ஊருக்கு வண்டி பிடிக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு என்.எஃப்.எல். பயன்படாது. அடிபட்டபின் அது நாட்கணக்கில் மெதுவாக ஏறும். சில மணி நேரத்திலேயே ஏறும் இரண்டு புரதங்கள் இருக்கின்றன: நரம்பைத் தாங்கும் செல்களிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி., நரம்பு செல்லிலிருந்து வரும் யு.சி.எச்.–எல்1. இந்த இரண்டையும் சேர்த்து அளக்கும் பரிசோதனைக்கு 2018 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஆதாரமான ஆய்வில் 1,959 பேர். அவர்களில் 125 பேருக்கு ஸ்கேனில் சேதம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனை கோட்டைவிட்டது மூன்று பேரை. ‘ஸ்கேன் தேவையில்லை’ என்று அது சொன்னால் 99.6 சதவிகிதம் நம்பலாம். மறுபக்கம், ‘ஸ்கேன் எடு’ என்று அது சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆகவே இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி என்பதைவிட, வீண் அலைச்சலைத் தவிர்க்கும் கருவி என்பதே சரி. 2024-ல், நோயாளியின் படுக்கை அருகிலேயே கையடக்கக் கருவியில் 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் வடிவமும் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் அடிபட்ட 24 மணி நேரத்துக்குள்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகள் அதிகம் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். இந்தக் கருவியால் யாருக்குப் பயன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து அரசு மருத்துவமனைகளுக்கு இது கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே, நம் நோயாளிகளிடம் சரிபார்க்கும் ஆய்வுகள் நடக்க வேண்டும்.

■ இன்னும் இரண்டு பெயர்கள்

● பி–டாவ் 217: அல்சைமர் நோயின் சுவடு. இதையும் அமிலாய்டு புரதத்தையும் ஒப்பிடும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, மறதி அறிகுறிகள் உள்ளவர்களுக்கு மட்டும்.

● பெரிஃபெரின்: கைகால் நரம்புகளின் சேதத்தை மட்டும் தனியாகக் காட்டக்கூடியது என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

மனசா, மூளையா?

ஐம்பது வயதில் ஒருவரின் குணம் மாறுகிறது. அதிர்ந்து பேசாதவர் சபையில் கண்டபடி பேசுகிறார். மனைவி அழுதால்கூடக் கலங்குவதில்லை. ‘மனச்சோர்வு’ என்று மாத்திரை கொடுக்கிறார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகிறார்கள். ஆண்டுகள் கழித்துத் தெரிகிறது, மூளையின் முன்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது என்று. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு வந்திருப்பதாக 2023-ல் அவர் குடும்பம் அறிவித்த முன்மூளைத் தேய்வு நோய் இந்த இனம்தான். மனநோயில் பொதுவாக நரம்பிழை நொறுங்குவதில்லை. என்.எஃப்.எல். எண் பெரும்பாலும் இயல்பை ஒட்டியே இருக்கும். முன்மூளைத் தேய்வில் அது நன்றாக ஏறியிருக்கும். இரண்டையும் பிரித்தறிய மனநல மருத்துவருக்குக் கையில் ஒரு துருப்பு.

இந்த எண்ணை வைத்து அந்தக் குடும்பம் நோயைக் குணப்படுத்திவிட முடியாது, உண்மைதான். ஆனால், ‘வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்’ என்று ஒரு மனைவி பல ஆண்டுகள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பது நிற்குமே. அது சின்ன விஷயம் இல்லை.

எண் ஏமாற்றும் இடம்

என்.எஃப்.எல். ஏறியிருக்கிறது என்றால் எங்கோ நரம்பு நொறுங்குகிறது என்று பொருள். எங்கே, எதனால் என்று அது சொல்லாது. பக்கவாதம், தலைக்காயம், கைகால்களைத் திடீரென்று செயலிழக்க வைக்கும் கில்லன்–பாரே, புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்ளிடாக்ஸெல் மருந்து என எல்லாவற்றிலும் ஏறும். கேள்வியோடு போகும் டாக்டருக்குத்தான் அது பதில் சொல்லும். கேள்வியே இல்லாமல் எடுத்தால் வீண் பயத்தைத்தான் கொடுக்கும்.

அதனால்தான், இது ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடக் கூடாது என்று கவலையோடு சொல்கிறேன். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் தாளில் ஒரு தடித்த எண் விழும். அடுத்து எம்.ஆர்.ஐ., அடுத்து இன்னொரு ஸ்கேன், கூடவே தூக்கமில்லாத ராத்திரிகள். முடிவில் காரணம், லேசாகப் பழுதுபட்ட சிறுநீரகமாக இருக்கும்.

நம் வீடுகளில் நரம்புச் சேதம் என்றால் அது பெரும்பாலும் சர்க்கரை நோயால்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பாதிப் பேர்வரை ஏதாவதொரு கட்டத்தில் கால் நரம்பு பாதிக்கப்படுகிறார்கள். ‘உள்ளங்கால் எரியுதே, இந்த ரத்த டெஸ்ட் எடுக்கலாமா?’ என்று வாசகர் கேட்டால் இப்போதைக்கு என் பதில்: அவசியமில்லை. என்.எஃப்.எல். அதிகம் இருப்பது பருத்த நரம்பிழைகளில். எரிச்சலையும் சூட்டையும் கடத்துவதோ மெல்லிய இழைகள். அவை கெட்டாலும் எண் இயல்பாகவே இருக்கலாம். சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டிருந்தால் எண் வேறு காரணத்தால் ஏறலாம். இரண்டு பக்கமும் தவறு நேரும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதற்கான விடை நம் மண்ணோடு தொடர்புடையது.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரி தம்பதியின் மகன். அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களைக் கிருமி தின்கிறது என்று உலகமே நம்பிய காலம் அது. பிராண்ட் அவர்களோடு பழகி, கூர்ந்து பார்த்துக் கண்டுகொண்டது வேறு: நரம்பு செத்து வலி தெரியாததால்தான் சுடுபாத்திரத்தையும் ஆணியையும் உணராமல் கையும் காலும் புண்ணாகி அழிகின்றன. 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் இதுவே காரணம் என்ற பாடம் அங்கே வேரூன்றியது. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, நைலான் இழை ஒன்றை, 10 கிராம் விசையில் வளையும்வரை அதில் அழுத்த வேண்டும். அது தெரிந்தால் பாதத்துக்குக் காவல் இருக்கிறது, தெரியாவிட்டால் புண்ணுக்கு ஆபத்து. இந்த அளவை 1980-களில் உறுதிசெய்தது அதே கார்வில்தான்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கட்டைவிரலிலும் முன்பாதத்திலும் அந்த இழையை வைத்து, “தெரியுதா?” என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. லட்சம் கோடியில் ஒரு பங்கை எண்ணும் கருவி தேவையில்லை. கால் போவதைத் தடுப்பதில் இன்றுவரை நிரூபிக்கப்பட்ட துணை இந்த நைலான் இழைதான். எத்தனையோ கிளினிக்குகளில் ரத்தத் தாளைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்புவதோடு சரி. நோயாளி போட்ட செருப்போடு உள்ளே போய், போட்ட செருப்போடு வெளியே வருகிறார். வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடுவரை நடந்து வருபவர்கள் நம்மிடையே உண்டு.

நரம்புக்கான ரத்தப் பரிசோதனைகள் நம் மருத்துவமனைகளுக்கு வரும், வர வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். “காலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்க டாக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.